போல்ட் அறுவதற்கு முன் தகடு நெளியட்டும்: தீயை மனதில் வைத்து எஃகு இணைப்பைத் தேர்ந்தெடுப்பது

எஃகுச் சட்டம் போட்ட பல மாடிக் கட்டடம் ஒன்று. தூணுக்குத் தூண் 9 மீட்டர். தளத்தைத் தாங்கும் பீமை இரு முனையிலும் தூணோடு எப்படிப் பிடிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பட்டறையில் கேட்டால் எது சீக்கிரம் முடியுமோ அதைச் சொல்வார்கள். மேலே ஏறி மாட்டுகிறவர்களைக் கேட்டால் எதில் இரண்டு போல்ட் குறைவோ அதைச் சொல்வார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தீப்பிடித்தால் அந்த முனையில் என்ன நடக்கும் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதே இல்லை. எழுந்தாலும், "அதுக்குத்தான் ஃபயர் பெயிண்ட் அடிக்கிறோமே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பெயிண்ட் வேண்டும்தான். ஆனால் எந்த இணைப்பு என்பது அதற்கு முன்பே தீர வேண்டிய விஷயம். குளிர்ந்த நிலையில் ஒரே பாரத்தைத் தாங்கும் நான்கைந்து இணைப்புகள் தீயில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி நடந்துகொள்கின்றன.

முதலில் அந்த 9 மீட்டர் பீமுக்குத் தீயில் என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம். 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால் அது ஏறக்குறைய 73 மில்லிமீட்டர் நீளும். இரு பக்கமும் தூண்கள் நிற்கின்றன, நீள இடமில்லை. முதலில் பீம் தூண்களைத் தள்ளுகிறது. முனைக்கு அருகே கீழ் ஃபிளாஞ்ச், அதாவது பீமின் கீழ்ப் பட்டைத் தகடு, நெளிந்து சுருண்டுவிடுகிறது. அப்புறம் தொய்ய ஆரம்பிக்கிறது. 9 மீட்டரில் 450 மில்லிமீட்டர் தொய்வு என்பது தீச் சோதனைகளைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமான அளவு இல்லை. அந்த அளவு தொய்ந்த வில்லின் நீளம் நேர்கோட்டைவிட சுமார் 60 மில்லிமீட்டர் அதிகம். ஆக, நீண்ட நீளத்தில் பெரும்பகுதியைத் தொய்வே விழுங்கிவிடுகிறது. ஆனால் அதற்காக முனையில் இணைப்பு 6 முதல் 11 டிகிரி வரை திரும்ப வேண்டியிருக்கிறது. அறை வெப்பநிலையில் வடிவமைக்கும்போது இணைப்பு இவ்வளவு திரும்ப வேண்டும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

இன்னும் சூடேறினால் பீமுக்கு வளைவைத் தாங்கும் சக்தி போய்விடும். கொடிக்கயிறு மாதிரி தொங்கிக்கொண்டு இரு முனையையும் உள்நோக்கி இழுக்கும். தள்ளிக்கொண்டிருந்த அதே இணைப்பு இப்போது இழுபடுகிறது.

பெரிய சோதனை இதற்கும் பிறகுதான். தீ அணைகிறது, பீம் குளிர்கிறது, சுருங்குகிறது. சூட்டில் நசுங்கியதும் வளைந்ததும் தானாக நிமிராது. எனவே சுருங்கும் பீம் தன் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாமல் முனைகளைப் பிடித்து இழுக்கிறது. அதே வேளையில் பீமின் நடுப்பகுதி சீக்கிரம் குளிர்ந்து பலம் பெறுகிறது. தூண், தகடு, போல்ட் தலைகள் என்று கனமாகக் குவிந்திருக்கும் இணைப்பு மெதுவாகத்தான் குளிரும். இழுப்பவன் தெம்பாகிவிட்டான், பிடித்திருப்பவன் இன்னும் சோர்ந்திருக்கிறான். நெருப்பு தாண்டிவிட்டது என்று மூச்சு விடும் நேரத்தில் போல்ட் அறுவதற்கு இதுதான் காரணம்.

1990 ஜூன் 23 அன்று லண்டனில் பிராட்கேட் பகுதியில் கட்டிக்கொண்டிருந்த 14 மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்து நாலரை மணி நேரம் எரிந்தது. எஃகுக்குப் பெரும்பாலும் தீப் பாதுகாப்பு இன்னும் பூசப்படவில்லை. கட்டடம் விழவில்லை. ஆனால் பிறகு போய்ப் பார்த்தவர்கள் அறுந்த போல்ட்டுகளையும் கிழிந்த முனைத் தகடுகளையும் கண்டார்கள். அவற்றை உடைத்தது குளிரும்போது வந்த இழுப்புதான் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இனி தேர்வுகள். அதற்கு முன் ஒரே ஒரு ஒப்பீட்டை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஐரோப்பிய எஃகு விதிநூலான யூரோகோட் 3-இன் தீப் பகுதிப்படி, 400 டிகிரியில் சாதாரணக் கட்டுமான எஃகின் இளகு வலிமை (நிமிராதபடி நெளியத் தொடங்கும் அளவு) குறைவதே இல்லை. 500-இல் 78 சதவீதமும் 600-இல் 47 சதவீதமும் மிஞ்சுகின்றன. போல்ட்டுக்கு? 400-இல் 77.5, 500-இல் 55, 600-இல் வெறும் 22. உயர்வலிமை போல்ட்டின் பலம், பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து மறுபடி பதமாகச் சூடாக்கி வரவழைத்த பலம். அந்தப் பதத்தைத் தாண்டிய சூடு பட்டால் வந்த வழியே போய்விடும். குளிர்ந்த பிறகும் முழுதாகத் திரும்பாது. 8.8 என்ற வழக்கமான உயர்வலிமைத் தரப் போல்ட்டைப் பதப்படுத்தும் குறைந்தபட்ச வெப்பநிலை 425 டிகிரி. அதைத் தாண்டிச் சூடான போல்ட்டை நல்ல போல்ட் என்று நம்பித் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

தகடும் போல்ட்டும் ஒரே வேகத்தில் தளர்வதில்லை, அவ்வளவுதான் விஷயம். அறை வெப்பநிலையில் தகடு முதலில் நெளியும் என்று நினைத்து வரைந்த இணைப்பில், சூட்டில் போல்ட் முந்திக்கொள்கிறது. தகடு நெளிந்தால் அறிவிப்புக் கொடுத்துக்கொண்டே நெளியும். போல்ட் அறுந்தால் அறுந்ததுதான்.

ஃபின் பிளேட்

தூணில் பற்றவைத்த ஒற்றைத் தகடு. பீமின் வெப், அதாவது நடுத்தகடு, அதன் பக்கவாட்டில் ஒட்டி உட்கார, மூன்று நாலு போல்ட். இதைவிடச் சுலபமாக மாட்டக்கூடிய இணைப்பு கிடையாது. பீமை ஆட்டி ஆட்டி உள்ளே விட்டு முனைக்கு இரண்டு போல்ட்டைச் செருகி இறுக்கிவிட்டால் கிரேனை விடுவித்துவிடலாம். அதனால்தான் எங்கும் இதுவே கண்ணில் படுகிறது. எனக்கும் பிடித்த இணைப்புதான், தீயை நினைக்காத நாட்களில்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எம்20 அளவு (20 மில்லிமீட்டர் விட்டம்), 8.8 தரப் போல்ட், அதன் மரைப் பகுதி வெட்டுத் தளத்தில், அதாவது இரண்டு தகடுகளும் சேர்ந்து போல்ட்டை வெட்டும் இடத்தில், வருகிறது. பாதுகாப்புக் காரணிகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஒரு போல்ட்டை வெட்டித் துண்டாக்க சுமார் 118 கிலோநியூட்டன் வேண்டும். பீமின் வெப் 8 மில்லிமீட்டர் தடிமன், எஸ்275 என்ற சாதாரணத் தர எஃகு, ஓட்டை மையத்திலிருந்து ஓரத்துக்கு 40 மில்லிமீட்டர். அந்த ஓட்டையை நசுக்கி முட்டை வடிவமாக்க சுமார் 104 கிலோநியூட்டன் போதும். நல்லது, தகடுதான் பலவீனமான பக்கம். இழுத்தால் ஓட்டை நீளும், போல்ட் நிற்கும்.

இப்போது 300 டிகிரி. போல்ட் 106-க்கு இறங்கிவிட்டது, தகடு 104-இலேயே நிற்கிறது. சமம். 500-இல் போல்ட் 65, தகடு 81. 600-இல் போல்ட் 26, தகடு 49. வரைபடத்தில் ஒரு கோடு கூட மாறவில்லை. எது முதலில் போகும் என்ற வரிசை தலைகீழாகிவிட்டது.

(ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விதிநூலின் எளிய முறை, ஓட்டை நசுங்குவதற்கும் போல்ட்டின் குறைப்பு எண்ணையே போடச் சொல்கிறது. அப்படிப் போட்டால் இரண்டும் சேர்ந்தே குறையும். வரிசை மாறுவது கண்ணுக்கே தெரியாது. பாரத்தைத் தாங்குமா என்று சரிபார்க்க அது போதும். எப்படி உடையும் என்று தெரிந்துகொள்ளத் தகட்டுக்குத் தகட்டின் எண்ணைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மேலே நான் போட்டிருப்பது அப்படித்தான்.)

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து இணைப்புகளை உலையில் வைத்து 650 டிகிரி வரை சூடாக்கிச் சாய்வாக இழுத்துப் பார்த்தார்கள். ஃபின் பிளேட்டில் சூடான சோதனைகளில் போல்ட்டுதான் அறுந்தது. அறுந்த போல்ட்டின் வெட்டு முகம் பெரும்பாலும் மழுங்கி, இழுபட்ட திசையில் வழித்தெடுத்த மாதிரி இருக்கும். ஓட்டையைப் பார்த்தால் கொஞ்சம்தான் நீண்டிருக்கும். இன்னும் நிறைய நெளிந்து கொடுத்திருக்க வேண்டிய தகடு, வேலையைத் தொடங்கும் முன்பே போல்ட் விட்டுவிட்டது.

சரி, இன்னும் வலுவான 10.9 தரப் போல்ட் போட்டால்? இங்கே பலர் ஏமாறுகிறார்கள். மரை வெட்டுத் தளத்தில் வந்தால் யூரோகோட் 10.9-க்கு 0.5 என்ற காரணியைத்தான் தருகிறது, 8.8-க்கு 0.6. கணக்குப் போட்டால் எம்20-இல் 118-க்குப் பதில் 122. வெறும் நாலு கிலோநியூட்டன். உண்மையான லாபம் வேண்டுமென்றால் மரையில்லாத தண்டு வெட்டுத் தளத்தில் வரும்படி போல்ட்டின் நீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கூடவே விட்டத்தையும் கூட்ட வேண்டும். எம்24, 10.9, தண்டுப் பகுதியில் வெட்டு: அறை வெப்பத்தில் 271, 600 டிகிரியில் 60 வரை நிற்கும். இதோடு ஒப்பிட்டால் அதே 8 மில்லிமீட்டர் வெப், ஓரத்துக்கு 50 மில்லிமீட்டர் விட்டு, அந்தச் சூட்டில் ஏறக்குறைய 62. மறுபடி சமநிலைக்கு வந்துவிட்டோம். ஷெஃபீல்டு சோதனைகளிலும் பெரிய, வலுவான போல்ட்டுக்கு மாறியபோது தகடு நெளியத் தொடங்கியது.

அடுத்த தூண்டுதல், ஓர தூரத்தைக் கூட்டுவது. வெப் கிழிந்து போல்ட் ஓட்டையோடு வெளியே வருவது நிஜமான ஆபத்துதான். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மைய வளாகத்தின் 9 மாடிக் கட்டடமான 5-ஆம் எண் கட்டடத்தில் நடந்தது அதுவே. தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பீம் துண்டுகளோடு நடுப் பீம்களை ஒற்றைத் தகட்டால் இணைத்திருந்தார்கள். தீயில் போல்ட்டுகள் வெப்பைக் கிழித்துக்கொண்டு வெளியேற, சில மாடிகள் உள்ளுக்குள் சரிந்தன. அதைப் பார்த்து ஓர தூரத்தை மட்டும் கூட்டினால் தகட்டுப் பக்கம் பலமாகி, போல்ட் மறுபடி பலவீனமான பக்கம் ஆகிவிடும். கூட்டினால் இரண்டையும் சேர்த்தே கூட்ட வேண்டும். ஃபின் பிளேட்டோடு எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இதுதான்: ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் உதைக்கும்.

இரட்டை ஆங்கிள் கிளீட்

பீமின் வெப்பை இரண்டு ஆங்கிள்கள், அதாவது எல் வடிவ எஃகுத் துண்டுகள், இரு பக்கமும் கவ்வுகின்றன. ஆங்கிளின் மற்ற கால்கள் தூணில் போல்ட்டால் பிடிக்கப்படுகின்றன. பழைய பாணி. பற்றவைப்பே வேண்டாம். இன்றைய வரைபட அறைகளில் இதைப் பார்த்தால் "தாத்தா காலத்து டீட்டெயில்" என்று சிரிப்பவர்கள் உண்டு.

தீ என்று வந்தால் தாத்தாவுக்குத்தான் என் ஓட்டு. காரணம் இரண்டு.

முதலாவது, வெப்பின் இரு பக்கமும் ஆங்கிள் இருப்பதால் ஒவ்வொரு போல்ட்டும் இரண்டு இடத்தில் வெட்டுப்பட வேண்டும். மேலே பார்த்த அதே எம்20, அதே 8.8, மரை வெட்டுத் தளத்தில்தான். 600 டிகிரியில் 26 என்பது இப்போது 52. வெப்பின் ஓட்டை 49. போல்ட்டைப் பெரிதாக்காமல், தரத்தை உயர்த்தாமல், ஃபின் பிளேட்டில் எம்24 10.9 போட்டு எட்டிய சமநிலையை இது சாதாரணப் போல்ட்டிலேயே எட்டிவிடுகிறது.

இரண்டாவது இன்னும் முக்கியம். இழுப்பு வரும்போது ஆங்கிளின் கால்கள் மடிப்பிலிருந்து விரிகின்றன. எல் வடிவம் மெல்ல நிமிர்ந்து, ஒரு கட்டத்தில் வி மாதிரி ஆகிவிடும். அந்த நிமிர்தலில்தான் குளிரும் பீம் கேட்கும் மில்லிமீட்டர்கள் கிடைக்கின்றன. ஷெஃபீல்டு–மான்செஸ்டர் சோதனைகளில் எல்லா இணைப்புகளிலும் அதிகமாகத் திரும்பிக் கொடுத்தது இதுதான். கடைசியில் விட்டபோதும் ஆங்கிளின் மடிப்புக்கு அருகே கிழிவது மாதிரி, முன்னறிவிப்போடுதான் பல தடவை விட்டது.

ஆங்கிளின் தடிமனைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தடித்த ஆங்கிள் விரியாது. விரியாவிட்டால் இழுப்பெல்லாம் தூண் பக்கத்துப் போல்ட்டுகளின் தலையில் விழும். நெளிவதற்காகவே போட்ட துண்டு அது. நெளிய விட வேண்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். துண்டுகள் அதிகம், போல்ட் அதிகம். தூணின் வெப்பில் இரு புறமும் இரண்டு பீம்கள் ஒரே போல்ட்டுகளைப் பங்கு போட்டுக்கொள்ளும் இடத்தில் மாட்டுவது பெரும்பாடு. ஒரு பக்கத்துப் பீம் காற்றில் தொங்க, மறுபக்கத்துப் போல்ட்டைக் கழற்றிச் செருகும் வேலையை யாரும் விரும்ப மாட்டார்கள். அதற்குத் தனியாகத் தாங்கு ஆங்கிள் ஒன்றைத் தற்காலிகமாக வைக்கலாம், அல்லது போல்ட் வரிசைகளை மேலும் கீழுமாக மாற்றலாம். ஆங்கிள்களின் இடுக்குகளில் பெயிண்ட் போய்ச் சேருவதும் சிரமம்.

மெல்லிய முனைத் தகடு

பீமின் முனையில், அதன் முழு உயரத்துக்கும் வராத ஒரு தகட்டை வெப்போடு மட்டும் பற்றவைத்து, அந்தத் தகட்டைத் தூணில் போல்ட் போடுவது. இங்கே போல்ட்டுக்குப் பெரிய வேலை இல்லை. வளைவது தகடு, கிழிவது பற்றவைப்பின் ஓரம்.

இந்த இணைப்புக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தின் கார்டிங்டனில் ஒரு பழைய ஆகாயக் கப்பல் கொட்டகைக்குள் 8 மாடி எஃகுக் கட்டடம் ஒன்றை முழு அளவில் கட்டி, 1990-களின் நடுவில் தொடர்ந்து தீச் சோதனைகள் செய்தார்கள். 2003 ஜனவரியில் இன்னொன்று. பீமும் தூணும் சேரும் இடங்களில் மெல்லிய முனைத் தகடும், பீமும் பீமும் சேரும் இடங்களில் ஃபின் பிளேட்டும் இருந்தன. ஒரே கட்டடம், ஒரே வகைத் தீ, இரண்டு இணைப்புகள். இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைப்பது அரிது.

குளிரும்போது முனைத் தகடுகள் பற்றவைப்பின் ஓரமாக மேலிருந்து கீழாகக் கிழிந்தன, ஆனால் வெப்பின் ஒரு பக்கத்தில் மட்டும். ஒரு பக்கம் கிழிந்ததும் இணைப்பு தளர்ந்துவிட்டது, இழுப்பும் குறைந்துவிட்டது. மறுபக்கம் பாரத்தைப் பிடித்துக்கொண்டது. சட்டையின் ஒரு தையல் விட்டதும் மறு தையலுக்கு இறுக்கம் குறைகிற மாதிரி. ஃபின் பிளேட்டுகளில் போல்ட்டுகள் வெட்டுப்பட்டுக் கிடந்தன. தளத்தின் கான்கிரீட்டும் அதற்குள் இருந்த கம்பி வலையும் பீம்களை ஏந்திக்கொண்டதால் எதுவும் விழவில்லை.

இதன் பலவீனம் திரும்பும் அளவில் இருக்கிறது. பீம் தொய்யத் தொய்ய அதன் கீழ் ஃபிளாஞ்ச் தூணில் போய் முட்டும். முட்டியதும் அந்தப் புள்ளியை நெம்புகோலாக வைத்து மேல் பகுதி பிளக்கத் தொடங்கும். தகடு அந்த நேரத்தில் சட்டென்று கிழியலாம். பீமுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தகட்டின் தடிமன் மட்டும்தான் என்பதால் இந்த முட்டல் சீக்கிரமே வந்துவிடும். பற்றவைப்பும் சூட்டில் நம்பத்தக்க நண்பன் இல்லை: 600 டிகிரியில் 38 சதவீதம்தான் மிஞ்சும். ஆனாலும் போல்ட்டின் 22-ஐவிடத் தேவலை.

முழு உயர முனைத் தகடும் நீட்டிய முனைத் தகடும்

வளைவு விசையையும் கடத்த வேண்டிய சட்டங்களில் இவை தவிர்க்க முடியாதவை. தீயின் ஆரம்பத்தில் இவற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. முனைகளை இறுக்கிப் பிடிப்பதால் பீமின் நடு குறைவாகத் தொய்யும். பீமின் தாக்குப்பிடிக்கும் நேரம் கூடும். பிற்பாதியில் அந்த இறுக்கமே எமனாகிறது. இழுப்பு நேராகப் போல்ட்டின் நீளத்தில் விழுகிறது. நெளிந்து கொடுக்க வேறு பாகம் இல்லை.

இங்கே அடிக்கடி கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் நட்டு. இழுபடும் போல்ட் இரண்டு விதமாகப் போகலாம்: தண்டு நீண்டு மெலிந்து அறுவது, அல்லது மரை உரிந்து நட்டு கழன்று வருவது. மரை உரிந்தால் போல்ட்டைப் பார்த்து உடைந்தது என்றே சொல்ல முடியாது. முழு நீளமாக இருக்கும், மரை மட்டும் வழித்துவிட்ட மாதிரி இருக்கும். மரை கழன்றவன் என்று நாம் மனிதர்களைச் சொல்வது போலத்தான், வெளியே எந்த அடையாளமும் இருக்காது. சூட்டில் இந்த இரண்டாவது வகை அதிகமாகக் காணப்பட்டது, அதுவும் நீட்சி எதுவும் கொடுக்காமல். உயரம் கூடுதலான நட்டு, அல்லது ஒரு தரம் மேலான நட்டு போட்டால் உடைவு தண்டுக்கு இடம் மாறும். ஒரு இணைப்பின் செலவில் இது கண்ணுக்குத் தெரியாத தொகை.

இறுக்கி முறுக்கிய உராய்வுப் போல்ட்டுகள் என்று நம்பிக்கை வைப்பவர்களுக்கு: தீ வடிவமைப்பில் அவை நழுவிவிட்டதாகவே கருதிக் கணக்கிட வேண்டும். இறுக்கும்போது போல்ட்டில் ஏற்றிய இழுவிசை சூட்டில் தளர்ந்துவிடும். அப்புறம் அதுவும் சாதாரணப் போல்ட்தான்.

மேடை மேல் பீம்

பீமைத் தூணில் நீட்டிய ஒரு தாங்கு மேடையில் உட்காரவைத்து, நகராமல் இருக்க இரண்டு போல்ட் போடுவது. பாரத்தைக் கீழிருந்து ஏந்துவதால் பாதுகாப்பான இணைப்பு என்று தோன்றும். உலக வர்த்தக மையத்தின் 7-ஆம் எண் கட்டடம் இதற்குப் பாடம். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தீயில் நீண்ட தளப் பீம்கள் பக்கத்திலிருந்து தள்ளியதில் ஒரு முதன்மைப் பீம் 79-ஆம் எண் தூணின் மேடையிலிருந்து நழுவியது. அதற்குக் கீழே தளங்கள் சரிய, பிடிமானம் இழந்த தூண் வளைந்து, முழுக் கட்டடமும் போயிற்று. எஃகு உருகவில்லை, நீட்சியே போதுமானதாக இருந்தது. மேடை இணைப்பு வேண்டுமென்றால் பக்கவாட்டில் தள்ளுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் முதலில் தேட வேண்டும்.

கவிழ்த்த சேனல்

கான்கிரீட் நிரப்பிய குழாய்த் தூண்களில் உள்ளே கைவிட்டு நட்டு மாட்ட முடியாது. அங்கே ஒரு சேனலை, அதாவது ப வடிவ எஃகுத் துண்டை, அதன் இரு கால்களும் தூணைத் தொடும்படி பற்றவைத்து, முதுகில் பீமின் முனைத் தகட்டைப் போல்ட் போடலாம். இழுத்தால் சேனலின் முதுகு தொட்டிலைப் போல வெளியே வளைந்து வரும். ஐரோப்பாவில் இதையும் தீயில் சோதித்திருக்கிறார்கள். நெளிந்து கொடுப்பதில் ஆங்கிளுக்கு இணையான வகை. பட்டறை வேலை அதிகம். குழாய்த் தூண் என்றால் யோசிக்காமல் இதற்கே போவேன். சாதாரண எச் வடிவத் தூணுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

பெயிண்டா, இணைப்பா?

எந்த இணைப்பாக இருந்தாலும் மேலே பூச்சு வந்தே தீரும் என்பதால் இதையும் பேசிவிடுகிறேன். யூரோகோட்டில் ஒரு சலுகை இருக்கிறது: இணைப்பின் மேல் பூச்சு, சேரும் உறுப்புகளின் மேல் இருப்பதற்குக் குறையாமல் இருந்து, இணைப்பு தன் பலத்தில் எத்தனை பங்கைச் சுமக்கிறது என்ற பார விகிதமும் உறுப்புகளைவிடக் கூடாமல் இருந்தால், தீயில் அதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டாம். பெரும்பாலானவர்கள் அதோடு கோப்பை மூடிவிடுவார்கள். ஆனால் அந்தச் சலுகை பேசுவது வெப்பநிலையைப் பற்றி. நீட்சியும் தொய்வும் சுருக்கமும் கொண்டுவரும் விசைகள் குளிர்ந்த நிலைக் கணக்கில் இல்லவே இல்லை.

இன்னொரு இக்கட்டு: கார்டிங்டனுக்குப் பிறகு, தளம் படலம் போலத் தொங்கிப் பாரத்தைத் தாங்கும் என்ற நம்பிக்கையில் நடுவிலுள்ள துணைப் பீம்களுக்குப் பூச்சே போடாமல் விடும் முறை வந்தது. பூச்சுச் செலவு கணிசமாக மிச்சமாகிறது. ஆனால் பூச்சில்லாத பீம்கள்தான் அதிகம் நீளும், அதிகம் தொய்யும், அதிகம் இழுக்கும். அவற்றின் முனைகளில் ஃபின் பிளேட்டும் எம்20 8.8-உம் இருந்தால் மிச்சம் பிடித்த பணத்தை இணைப்பின் தலையில் கடனாக ஏற்றியிருக்கிறோம் என்று அர்த்தம்.

ஒரு ஆறுதல். இணைப்பு, பீமின் நடுவைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும். 400 மில்லிமீட்டருக்கு மேற்படாத உயரமுள்ள, மேலே கான்கிரீட் தளம் உட்கார்ந்த பீமில் நடுவில் கீழ் ஃபிளாஞ்ச் 700 டிகிரி என்றால், முனையில் கீழ் மட்டத்தில் ஏறக்குறைய 616, மேல் மட்டத்தில் 431 என்று விதிநூல் சூத்திரம் தருகிறது. போல்ட்டின் கணக்கில் அது 20 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம். மேல் வரிசைப் போல்ட் கீழ் வரிசையைப்போல மூன்றரை மடங்கு பலத்தோடு நிற்கிறது. எனவே போல்ட் வரிசையை மேல் ஃபிளாஞ்சுக்கு அருகே தூக்கி வைப்பது செலவே இல்லாத பாதுகாப்பு. ஆனால் இந்தச் சூத்திரம் சூடேறும் நேரத்துக்கு மட்டும். குளிரும் நேரத்தில் நிலவரம் மாறிவிடும் என்பதை மேலே பார்த்தோம்.

அந்த 9 மீட்டர் பீமுக்கு

எச் வடிவத் தூணின் ஃபிளாஞ்சில் சேரும் முனை, வளைவைக் கடத்த வேண்டாம், தீ எதிர்ப்பு நேரம் கேட்கப்பட்ட கட்டடம்: இரட்டை ஆங்கிள். 8 அல்லது 10 மில்லிமீட்டர் கால், அதற்கு மேல் தடிமன் இல்லை. எம்20 8.8 போதும், தூண் பக்கப் போல்ட்டுகளுக்கு உயர நட்டு. தூணின் வெப்பில் இரு புறமும் பீம் சேரும் இடத்தில் மாட்டுபவர்களின் உயிரைப் பணயம் வைக்க மாட்டேன். அங்கே மெல்லிய முனைத் தகடு, வரிசைகளை இடம் மாற்றி.

பீமும் பீமும் சேரும் இடத்தில் ஃபின் பிளேட்டைத் தடுக்க முடியாது, தடுத்தால் பட்டறை சண்டைக்கு வரும். அங்கே எம்24, 10.9, தண்டு வெட்டுத் தளத்தில் வரும் நீளம், ஓரத்துக்கு 50 மில்லிமீட்டருக்குக் குறையாமல். வரைபடத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பும்: "மாற்றுப் போல்ட்: 8.8 அனுமதி இல்லை. முழு மரைப் போல்ட் அனுமதி இல்லை." களத்தில் எம்24 தீர்ந்துபோன நாளில் யாராவது பக்கத்துப் பெட்டியைத் திறப்பார்கள், அந்தப் பெட்டியில் முழு மரைப் போல்ட்தான் இருக்கும்.